நேர் விமானம் இல்லாத நாற்பத்தெட்டு நிமிடம்

பெயர் முதல் பக்கத்தில் உள்ளபடி. வயது 67. ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். பேருந்து நிலையத்தின் பின்தெருவில், மகள் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறேன்.

“புதன்கிழமை உங்க மாப்பிள்ளை எதுல வந்தாரு?” என்று ஆய்வாளர் வியாழக்கிழமை என்னிடம் கேட்டார். காலை விமானத்தில் என்றேன். அது நான் கண்டதல்ல, மாப்பிள்ளை சொன்னது. அதைத் திருத்தவே இன்று காவல் நிலையத்துக்கு வந்தேன்.

புதன் காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளையின் கார் மோதிச் சைக்கிளில் போன பெண்ணின் இரண்டு கால்களும் முறிந்தன. தானே ஓட்டியதாகச் சொல்லி அவருடைய டிரைவர் சரணடைந்தார். ஒன்பதரைக்கு மாப்பிள்ளை பையுடன் வீட்டுக்கு வந்து, வெளியூர்க் கிளை அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கியதாகச் சொன்னார். “நேர் பிளைட்டு மாமா. இருநூத்தி நாப்பது கிலோமீட்டர், நாப்பத்தெட்டே நிமிஷம்!” என்றார். பயணம் போய் வந்தவர்கள் முக்கால் மணி நேரம் என்பார்கள். வகுப்பில் விடை சொல்வதுபோல் சொல்ல மாட்டார்கள்.

அதன் பிறகு, வெள்ளிக்கிழமை, கைப்பேசியில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போட்டுப் பார்த்தேன். ஒரு இணையப் பக்கத்தில் அதே 240, அதே 48 வந்தன. மனம் ஒப்பாமல் எங்கள் தெருவில் டிக்கெட் எடுத்துத் தருபவரிடம் அதைக் காட்டிக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“சார், இந்த ரெண்டு ஊருக்கும் நேர் பிளைட்டே கிடையாது. தலைநகர் போய் மாறணும். காலையில கிளம்பினா மத்தியானம் ஆயிடும். அந்தப் பக்கம் வெறும் கணக்குதான் போடும். பிளைட்டு இருக்கா இல்லையான்னு அதுக்கென்ன தெரியும்?”

வரைபடத்தில் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அளவுகோல் வைத்துக் கோடு போடலாம். கோடு போட்டதால் அங்கே பாதை வந்துவிடாது.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் விமானச் சீட்டைக் கேட்டேன். “வாத்தியார் புத்தி போகுமா? வீட்லயும் பரீட்சையா மாமா?” என்றார். சீட்டைக் காட்டவில்லை. மகள், “அப்பா, விடுங்களேன்ப்பா” என்று சொல்லிவிட்டு, கழுவி வைத்த டம்ளரையே மறுபடி கழுவினாள்.

காரை ஓட்டியது யார் என்று நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை சொன்ன விமானம் இல்லை என்பது மட்டும் தெரியும். டிரைவர் இன்றோடு நான்காவது நாளாக உள்ளே இருக்கிறார். அதில் என் வியாழக்கிழமைப் பதிலுக்கும் பங்குண்டு.

எழுத்தர் இதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை.

கையெழுத்திடும் முன் ஒரு வேண்டுகோள். டிரைவர் என் தோளுயரம்கூட இல்லை. மாப்பிள்ளை எங்கள் வாசலில் குனிந்து நுழைகிறவர். காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து இங்கே நிறுத்தியிருக்கிறீர்கள். இருக்கையை யாரும் நகர்த்துவதற்கு முன், டிரைவரை அதில் உட்காரவைத்து, பிரேக்குக்குக் கால் எட்டுகிறதா என்று பாருங்கள்.

(ஒப்பம்)