நாற்பத்தோராம் பக்கம்

“சீனி வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, வெறும் தேத்தண்ணி காணும். கயிறு அறுபடாமல் இருந்தும் வீரகத்தியை ஏன் தூக்கவில்லை எண்டுதானே கேட்டனீங்கள்? அதுக்கு முதல் ஒரு கணக்கைச் சொல்லவேணும்.”

அவர் தலையசைத்தார். சிற்றம்பலம் வாத்தியாராகிய நான் பிள்ளைகளை அடிக்காத கணித ஆசிரியர் என்பது கிளிநொச்சியில் எல்லோருக்கும் தெரியும். நான் ஆறுதலாகவே சொன்னேன்.

வீரகத்தியும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே லொறியில் குடியேற வந்தவர்கள். அவன் இரணைமடுக் குளத்தின் மதகான துருசைத் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுபவன். மிச்ச நேரமெல்லாம் எண்கள்தான். நான்கு முதற்கொண்டு எந்த இரட்டை எண்ணும், ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் முதன்மை எண்கள் இரண்டின் கூட்டுத்தொகை என்பார்கள். எட்டு என்றால் மூன்றும் ஐந்தும். இருநூறு வருடமாக எவரும் அதை நிறுவவில்லை. நானும் பதினான்கு வருடம் முயன்று விட்டுவிட்டேன். அதற்கும் இந்த விஷயத்துக்கும் தொடர்பில்லை.

மார்கழியில் அவன் அதை நிறுவிவிட்டதாக எழுதிய ஒரு கொப்பியைக் கொண்டுவந்தான். தொண்ணூறு பக்கம்.

“திங்கட்கிழமை மதராசுக்கு ஒரு பேராசிரியருக்கு அனுப்பப்போறன். நீர் ஒருக்கால் பாரும். நீர் பிழையெண்டால் பிழைதான்.”

நாற்பத்தோராம் பக்கத்தில், சதுரமாக அடுக்கிய இரண்டு எண் அட்டவணைகளைப் பெருக்கி, மூலைவிட்டத்தில் விழும் எண்களைக் கூட்டியிருந்தான். அடுத்த வரியில் பெருக்கும் ஒழுங்கை மாற்றிவிட்டான். தனி எண்களில் மாற்றலாம். அட்டவணைகளில் மாற்றினால் விடை மாறிவிடும். மீதிப் பக்கங்கள் எல்லாம் அந்த ஒரு வரியில்தான் நின்றன.

சொல்ல மனம் வரவில்லை. தினமும் என் படலையில் சைக்கிள் மணி அடிக்கும். “வாத்தியார், பிழை பிடிச்சீரோ, இல்லாட்டிக் கொப்பியைத் தலையணையாக்கிப் போட்டீரோ?” அப்படிச் சிரிக்கிறவனை மதராசிலிருந்து வரும் கடிதம் முறித்துப்போடும். அந்தக் கடிதத்தை அவன் காணக்கூடாது என்று தீர்மானித்தேன். இரக்கம் என்றுதான் நான் அதைச் சொல்வேன்.

ஞாயிறு காலை துருசின் வாயைப் பாசி அடைத்துக்கொண்டது. துருசை மூடிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் மூழ்கிப் பாசி களைவார். மற்றவர் குளக்கட்டில் நின்று கயிற்றைப் பிடிப்பார். கயிறு இரண்டு தரம் இழுபட்டால் தூக்கவேண்டும். எத்தனையோ தரம் அவனுக்கு நான் பிடித்திருக்கிறேன். அவன் மனைவி ஜெகதீஸ்வரி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அண்ணை, கயிறு உங்கட கையில எண்டால் எனக்குப் பயமில்லை” என்று சொல்லிப் போனாள்.

அவன் மூழ்கியதும் துருசுத் திருகை நான்கு சுற்றுத் திறந்தேன். தண்ணீர் அவனை வாய்ப்பக்கம் உறிஞ்சியது. கயிறு இரண்டு தரம் இழுபட்டது. பிறகும் இழுபட்டது. மொத்தம் பதினொரு தரம். பதினொன்றும் முதன்மை எண்தான் என்று நினைத்துக்கொண்டேன். அடங்கியதும் துருசைப் பூட்டிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

இங்கே மறியல் அறையில் அடைபட்டு நான்கு நாள். பொழுது போகச் சின்ன அட்டவணைகளைச் சுவரில் கரியால் பெருக்கிப் பார்த்தேன். ஒழுங்கை மாற்றினால் அட்டவணை மாறத்தான் செய்கிறது; என் விதி சரி. ஆனால் மூலைவிட்டத்தை மட்டும் கூட்டினால் இரண்டிலும் ஒரே எண் வருகிறது. அவன் கூட்டியதும் மூலைவிட்டத்தை மட்டும்தான். முதலில் பத்தொன்பதும் பத்தொன்பதும். எண்களை மாற்றிப் போட்டேன். முப்பத்தாறு தரம் செய்தாயிற்று, ஒருமுறையும் பிசகவில்லை. தற்செயலாக இருக்கலாம். எண்களுக்குப் பதில் எழுத்துகளைப் போட்டால் மூன்று வரியில் தெரிந்துவிடும். அந்த மூன்று வரியை நான் இன்னும் எழுதவில்லை.

“ஐயா, கொப்பி என்ர அலுமாரியில கிடக்கு. கணக்குத் தெரிஞ்ச ஒருத்தரிட்ட அந்தப் பக்கத்தை மட்டும் காட்டுங்கோ. பிழையெண்டு அவரிட்ட ஒரு துண்டு எழுதி வாங்கித் தாங்கோ.”