மருதையனின் கால்

எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கால் சூப்பை யாருக்கும் சும்மா வைத்துக் கொடுப்பதில்லை. காய்ச்சலுக்குக் கஞ்சி, சளிக்கு மிளகு ரசம், வயிற்றுக்கு மோர். ஆட்டுக்கால் என்றால் எலும்பு உடைந்திருக்க வேண்டும். மன்னார்குடியில் கறிக்கடைக்காரர் காலைச் சுட்டு வெட்டும்போதே கேட்டுவிடுவார், "வீட்டுல யாருக்கு உடைஞ்சிது?" என்று. யாருக்கும் இல்லை, சும்மா குடிக்கத்தான் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்.

இதிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதித் தருகிறேன் என்றதற்குச் சம்மதித்தீர்கள். நன்றி. செவ்வந்தியின் கால் போனதைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்பது தெரியும். அங்கே வருகிறேன். அதற்கு முன் மருதையனின் காலைச் சொல்ல வேண்டும்.

என் பெயர் நாகரத்தினம். வயது நாற்பத்திரண்டு. பிறந்தது மல்லிப்பட்டினத்தில், படகு வைத்திருந்த குடும்பம். பதினாறு வருடமாக மன்னார்குடியில் ஒரு தனியார் எலும்பு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். டாக்டர் தஞ்சாவூரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மாலையில் வருவார். ஒரு மாலையில் அறுபது பேர். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். காலைத் தொட்டுப் பார்க்க நேரமில்லாததால் படத்தைப் பார்ப்பார்.

படம் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படத்தில் ஒன்றும் இருக்காது. வலி மட்டும் இருக்கும். படுக்கையில் காலைத் தூக்கி வைப்பதற்குள் கண்ணில் நீர் முட்டும். படம் வெளியே வந்ததும் கூட வந்த புருஷனோ மாமியாரோ அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். எலும்பு வெள்ளையாக, முழுசாக இருக்கும். "ஒண்ணுமில்லையே" என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருகிற நிம்மதி நிம்மதி மாதிரியே இருக்காது. கேரம் போர்டில் சிவப்புக் காயைப் போட்டவர் முகம் மாதிரி இருக்கும். ஒரு மாமியார் என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏம்மா, படத்துல நடிப்பு தெரியுமா?"

டாக்டர் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் ஒரு களிம்பும் எழுதுவார். மறுநாள் அந்தப் பெண் நடவில் நிற்பாள்.

மருதையன் பேராவூரணிப் பக்கம் தென்னை ஏறுகிறவர். மூன்று வருடத்துக்கு முன் பாதி மரத்திலிருந்து வழுக்கி விழுந்து வந்தார். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பில் ஒரு விரிசல். எலும்பு விலகவில்லை, நொறுங்கவில்லை. பென்சிலால் சாய்வாக இழுத்ததுபோல ஒரே கோடு. பதினாறு வருடத்தில் அவ்வளவு சுத்தமான விரிசலை நான் பார்த்ததில்லை. கோட்டுக்குக் கீழே கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளியும் இருந்தது. எப்போதோ பாளை சீவும்போது அரிவாள் முனை உடைந்து உள்ளே தங்கிவிட்டதாம். அவர் அந்தக் காலுக்குப் பெரிய மரியாதை கொடுக்கவில்லை. மூன்றாவது வாரமே மாவுக்கட்டைத் தானே வெட்டி எறிந்துவிட்டு மரமேறப் போய்விட்டார். படத்தை நான் கணினியிலிருந்து அழிக்கவில்லை. அழகாக இருந்தது.

முதலில் அது கூத்தாநல்லூர் மெஹராஜ் பேகத்துக்குப் போனது. ஐம்பது வயது. எட்டு மாதமாகக் கால் வலி. அவர் வீட்டில் பதினோரு பேருக்கு அவர்தான் சமையல். கணவர் ஜெகபர் அலி ஷார்ஜாவில் கடை வைத்திருக்கிறார். என் அறைக்குள்ளேயே வீடியோ அழைப்பில் வந்து, "படத்துல ஒண்ணுமில்லைன்னா பேசாம வீட்டுக்குப் போ, புள்ளைவொ பசியோட வரும்" என்றார். படம் அப்போது இன்னும் அச்சாகவில்லை. அவர் பார்க்காமலே சொல்லிவிட்டார். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. பெயரையும் வயதையும் மாற்ற இரண்டு நிமிடம் போதும். இடது காலை வலது காலாகத் திருப்ப ஒரே ஒரு பொத்தான்.

மெஹராஜ் பேகம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து போனுக்குக் காட்டினார். ஷார்ஜாவில் ஜெகபர் அலி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"யா அல்லாஹ். இவ்ளோ பெரிய கோடா? இதோடயா எட்டு மாசம் சோறாக்குன?"

"நான்தான் சொன்னேனே."

"சொன்னே. படம் எடுத்தியா?"

ஆறு வாரம் அவர் கட்டிலில் இருந்தார். கொழுந்தன் மனைவி சமைத்தாள். தெருவே ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து விசாரித்தது. தினமும் காலையில் ஆட்டுக்கால். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நூறு முறை அதை அவர் வைத்துக் கொடுத்திருக்கிறார், ஒருமுறையும் அவருக்கென்று வைத்ததில்லையாம். கட்டுப் பிரிக்க வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடையாத காலுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டதில் அவருக்கு முட்டி முழுதாக மடங்காமல் போனது. அதற்காக அவர் என்னிடம் வருத்தப்பட்டதில்லை. அவருக்குத் தெரியாது.

மொத்தம் முப்பத்தொரு பேர் என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். சரிதான். எல்லோருக்கும் நான் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. கூட வந்தவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துத்தான் கொடுத்தேன். ஒரு தடவை காலை மாற்றிவிட்டேன். வலித்தது ஒரு கால், படம் இன்னொரு கால். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "எந்தக் காலும்மா?" என்றார். அந்த அம்மாள் 'விரிசல்' என்ற சொல்லைக் கேட்ட சந்தோஷத்தில், "எதுக்கு வேணாலும் கட்டுங்க டாக்டர்" என்றாள். கட்டினார்.

டாக்டரும் அந்தக் கடுகுப் புள்ளியை ஒவ்வொரு படத்திலும் பார்த்தார். ஒவ்வொருவரிடமும், "இது ஒண்ணுமில்ல, சின்னப் புள்ளி, பயப்படாதீங்க" என்றார். பதினைந்தாவது ஆளுக்குப் பிறகு யோசிக்க ஆரம்பித்தார். "நாகரத்தினம், இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க காலுல எல்லாம் அதே எடத்துல ஒரு புள்ளி இருக்கு, கவனிச்சியா? தண்ணியில ஏதோ இருக்கு" என்றார். திருச்சியில் நடந்த ஒரு மருத்துவர் மாநாட்டில் அதைப்பற்றிப் பேசவும் செய்தார். படங்களை வரிசையாக அடுக்கி அனுப்பி வைத்தவள் நான்தான். கைதட்டல் வந்ததாம்.

இந்தக் கதையில் நான் வருந்துகிற காரியம் ஒன்று உண்டு. பாபநாசத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். நொண்டிக்கொண்டே வந்தார், நானும் நம்பிக் கொடுத்தேன். தேர்தல் வேலைக்குப் போகாமலிருக்க நடித்திருக்கிறார். மருதையனின் காலை ஒரு பொய்யனுக்குக் கொடுத்தது இன்றைக்கும் மனதில் அரிக்கிறது.

இனி செவ்வந்தி.

புரட்டாசி கடைசியில் வந்தாள். சம்பா நடவு நேரம். இருபத்தாறு வயது, நடவுக்குப் போகிறவள். கூட வந்தவர் அவள் கணவர் வெற்றிசெல்வன், டிராக்டர் ஓட்டுகிறவர். முட்டிக்குக் கீழே வலி என்றாள். நடக்கும்போது அல்ல, படுத்தால்தான் அதிகம் என்றாள்.

"கீழ விழல, அடிபடல. சும்மா படுத்திருந்தா வலிக்குதாம் மேடம்" என்றார் வெற்றிசெல்வன். "நடவு முடியிற வரைக்கும் வலிக்கும், பாருங்க. பொங்கலுக்குத் துணி எடுக்கப் போறப்ப தானா நின்னுரும்."

செவ்வந்தி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒங்களுக்குப் பல்லு வலிச்சப்ப நான் படம் எடுத்துப் பாத்துட்டா நம்புனேன்?"

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. படத்தில் ஒன்றும் இல்லை. நான் மருதையனின் காலைக் கொடுத்தேன். வெற்றிசெல்வன் அதைப் பார்த்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டுதான் படியிறங்கினார். அவள் அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இதைச் செய்து வந்தேன் என்று எழுதச் சொன்னால் எழுதுகிறேன். அதில் பொய் இல்லை.

நீங்கள் இரண்டு நாளாகக் கேட்கிற சீட்டு என்னிடம்தான் இருந்தது. படமெடுக்க அனுப்பும்போது டாக்டர் அதில் எழுதியிருந்தார்: 'படம் சுத்தமாக இருந்தால் உடனே தஞ்சாவூருக்கு எம்ஆர்ஐ.' அடிபடாத காலில், படுத்தால் கூடுகிற வலிக்கு, படத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் அதுதான் ஆபத்து என்று அவர் முன்பே எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். படிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். இரண்டு முறை படித்தேன். தஞ்சாவூர் என்றால் வெற்றிசெல்வன் கூட்டிக்கொண்டு போகமாட்டார், போனாலும் அங்கேயும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் இவளால் வீட்டில் தலை நிமிர முடியாது என்று நினைத்தேன். சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். விரிசலைப் பார்த்ததும் டாக்டருக்கு எம்ஆர்ஐ நினைவு வரவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

ஆறு வாரம் கழித்து வந்தாள். இளைத்திருந்தாள். கட்டுக்குள் வலி கூடிவிட்டது என்றாள். "கட்டுப் போட்டா குறையும்னாங்க. உள்ள யாரோ கரண்டியால சுரண்டுற மாரி இருக்குக்கா" என்றாள். வெற்றிசெல்வன் இப்போது கேலி பேசவில்லை. "தெனம் சூப்பு வச்சுத்தான் மேடம் குடுக்குறேன். என் கையாலதான்" என்றார். அவர் விரலில் எலும்பு வெட்டிய காயம் இருந்தது. பிளாஸ்திரி போட்டிருந்தார்.

படம் எடுத்தேன். திரையில் வந்த கால் சுத்தமாக இல்லை. முட்டிக்குக் கீழே எலும்பு செல்லரித்த காகிதம்போல இருந்தது. அது என்னவென்று தெரிந்துகொள்ள டாக்டர் தேவையில்லை. பதினாறு வருடம் போதும்.

அந்தப் படத்தை நான் டாக்டருக்குக் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் உங்கள் பேனா நிற்கும் என்று தெரியும், ஐயா. பொறுமையாகப் படியுங்கள். அந்தப் படத்தில் கடுகுப் புள்ளி இல்லை. பழைய விரிசலும் இல்லை. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு கால் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதன்பிறகு முப்பது வீடுகளில் படத்தைத் தேடி எடுப்பார்கள். முப்பது வீடுகளில் 'நான் அப்பவே சொன்னேன்ல, நடிப்புன்னு' என்பார்கள். மெஹராஜ் பேகம் குடித்த சூப்பையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவார்கள். ஒரு பக்கம் ஒருத்தி, இன்னொரு பக்கம் முப்பது பேர். நான் எடை போட்டுப் பார்த்துத்தான் செய்தேன். அவசரப்படவில்லை. 'விரிசல் இன்னும் சேரவில்லை' என்று மருதையனின் காலையே மறுபடி அச்செடுத்தேன். இன்னொரு ஆறு வாரம் கட்டினார்கள். செவ்வந்தியின் உண்மையான படத்தை அழித்தேன்.

மார்கழியில் அவள் கத்துவதைப் பொறுக்கமுடியாமல் வெற்றிசெல்வன் யாரிடமும் கேட்காமல் வாடகைக் கார் பிடித்து அவளைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார். கூட்டிக்கொண்டு போகமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். அதில் என் கணக்கு தவறிவிட்டது. அங்கே கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். எலும்பில் புற்றுக்கட்டி. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்களாம். தொடையோடு எடுத்தார்கள். வெற்றிசெல்வன் கையோடு கொண்டுபோயிருந்த படத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டர், "இது இந்தப் பொண்ணோட காலே இல்லைங்க. இது ஒரு ஆம்பளை கால்" என்றாராம். அப்படித்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

நேற்று, இதுவரை கைக்குக் கிடைத்த பதினேழு படங்களை உங்கள் மேசையில் வரிசையாகப் பரப்பினீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பதினேழு கடுகுப் புள்ளி. ஏட்டம்மா சுடர்விழி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மருதையனை விசாரணைக்கு அழைக்கவும் வேண்டாம், மரமேறுகிற நாள் கெடும். டாக்டருக்கு எதுவும் தெரியாது. எல்லாம் நான் செய்தது, தெரிந்தே செய்தது. கீழே கையெழுத்திடுகிறேன்.

முடிப்பதற்கு முன் ஒன்று. வெற்றிசெல்வன் நேற்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது பக்கத்து அறையிலிருந்த என் காதில் விழுந்தது. எடுத்த கால் இன்னும் வலிக்கிறது என்று செவ்வந்தி அழுகிறாளாம். இல்லாத கால் எப்படி வலிக்கும், நாடகம் போடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்களாம். பார்த்தீர்களா, மறுபடியும் அதே பேச்சு. நீங்கள் எடுத்து வைத்திருக்கிற கணினியில் மருதையனின் கால் பத்திரமாக இருக்கிறது. பத்து நிமிடம் என்னிடம் கொடுத்தால் போதும். அவளுக்கு எந்தக் கால், இடதா வலதா என்பதுதான் எனக்கு நினைவில்லை. கேட்டுச் சொல்லுங்கள்.