மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மேனேஜர்

— என் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையெல்லாம் குடுத்துடுங்க சார்.

— ஏம்மா, நான் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறேன், நீ ஹெல்ப் டெஸ்க்ல உக்காந்துக்கிட்டு இன்டர்காம்ல இதையா கேப்பே?

— வெளியில நீங்க நிக்கிறதே இல்லையே சார். நான் வாயெடுத்தா உங்களுக்குப் போன் வந்துடும். இன்னிக்குத்தான் ஒரு இடத்துல நிக்கிறீங்க.

— முதல்ல ஆள் அனுப்பினியா?

— மெக்கானிக் அண்ணன் மேல மோட்டார் ரூமுக்குப் போயிட்டிருக்காரு. நீங்க குடுத்தாலும் கதவைத் திறப்பாரு, குடுக்கலேன்னாலும் திறப்பாரு. மிரட்டி வாங்கினா செல்லாது.

— யாரு சொன்னா?

— சட்டம்.

— ஆரம்பிச்சுட்டா. பாரும்மா, லாஜிக்கா யோசி. லிஃப்ட் கம்பெனியில ஏசி ரூம்ல வேலை. இதை விட்டுட்டு லா காலேஜா?

— ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் மாசாமாசம் சர்வீஸ் பண்றோம் சார். நம்ம ஆபீஸ் லிஃப்டை மட்டும் ஒருத்தரும் தொட்டதில்லை.

— நம்மளுதுதானேன்னு விட்டுட்டோம். யாரும் கம்ப்ளெயிண்ட் பண்ணலையே.

— நான் பண்ணேன். நடந்தா உடம்புக்கு நல்லதும்மான்னீங்க.

— தங்கச்சி, மேல வந்துட்டேன். கயிறெல்லாம் பத்திரமா இருக்கு, பிரேக்தான் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. சாரை நிதானமா இருக்கச் சொல்லு. நிதானம்.

— கேட்டீங்களா சார்? அண்ணன் பேசுற வாக்கிடாக்கியை இன்டர்காம் பக்கத்துலயே வச்சிருக்கேன்.

— கேட்டுச்சு, கேட்டுச்சு. சரி, படி. யாரு வேணாம்னா? அடுத்த வருஷம் அப்ளை பண்ணு.

— போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க.

— அப்ப ஆள் பத்தலை.

— இப்ப?

— இப்பவும் பத்தலை. லாஜிக்கா யோசிம்மா, நீ படிச்சு முடிக்கிறப்போ உனக்கு முப்பது வயசாயிடும்.

— இங்கேயே இருந்தா வயசை ஏறவிடாம பிரேக் போட்டு வைப்பீங்களா சார்?

— வாய். உங்கப்பாவுக்குத் தெரியுமா இதெல்லாம்?

— மூட்டை தூக்குறவரு சார் எங்கப்பா. வேலை குடுத்தவங்ககிட்ட எதையும் திருப்பிக் கேக்காதே, கேட்டா வேலை போயிடும்னு படிச்சுப் படிச்சு சொல்லித்தான் அனுப்பினாரு. எங்க குடும்பத்துல முதல் டிகிரி அது. அம்மா கையைக் கழுவித் துடைச்சுட்டு வந்து ஒரே ஒரு தடவை தொட்டுப் பாத்தாங்க. மறுநாளே நீங்க வாங்கி பீரோவுல பூட்டிட்டீங்க.

— எல்லாருடையதும் அங்கதானேம்மா இருக்கு. பாதுகாப்புக்குத்தான்.

— யாருக்கு?

— அது... இப்ப எதுக்குத் திடீர்னு வக்கீல் ஆசை?

— திடீர்னு இல்லை. நாள் முழுக்க மாட்டிக்கிட்டவங்ககூடத்தானே பேசிட்டு இருக்கேன். ஒரு அம்மா உள்ள அழுது அழுது மூச்சு வாங்கிட்டு, வெளிய வந்ததும் கேட்டாங்க, இதுக்கு நான் யாரைம்மா கேக்கணும்னு. நீங்க எழுதி ஒட்டி வச்சிருக்கிற பதிலைப் படிச்சேன். கம்பெனி பொறுப்பல்ல. அவங்க எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனாங்க சார். நன்றி.

— எனக்கே இங்க மூச்சு முட்டுது. ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?

— கம்பெனி பொறுப்பல்ல சார்.

— சிரிக்கிறியா?

— காலையில எழுந்ததிலருந்தே இப்படித்தான் சார் வருது. பல்லு தேய்க்க முடியலை. பஸ்ல பக்கத்துல இருந்தவங்க நகர்ந்து உக்காந்துட்டாங்க.

— அய்யோ, தலைக்கு மேல என்னமோ டங்குனு விழுந்துச்சு.

— ஸ்பானர் சார். தங்கச்சி சொன்னதைக் கேட்டு நானும் சிரிச்சுட்டேன், கை வழுக்கிடுச்சு. நிதானம், நிதானம்.

— எல்லாருக்கும் இன்னிக்கு என்ன ஆச்சு? சரிம்மா. குடுத்துத் தொலைக்கிறேன். சாவி என் பாக்கெட்டுலதான் இருக்கு. உன்னுதுதானே.

— இன்னொரு தடவை சொல்லுங்க சார்.

— உன்னுதுதான். போதுமா? ஆனா ஒரே கண்டிஷன். அப்ளிகேஷன் அடுத்த வருஷம்தான்.

— அப்ளிகேஷன் போட்டு, பரீட்சை எழுதி, சீட்டும் கிடைச்சாச்சு சார். சாயங்காலம் முதல் கிளாஸ். ராஜினாமாவை மெயில்ல அனுப்பிட்டேன். நீங்கதான் மெயிலைத் திறக்கவே மாட்டீங்களே.

— தங்கச்சி, பிரேக் விட்டுடுச்சு. லிஃப்ட் பெட்டியைக் கையாலயே உன் டெஸ்க் இருக்கிற நாலாம் மாடிக்குக் கொண்டாந்தாச்சு. கதவைத் திறக்க அங்கதான் வரேன்.

— வாங்கண்ணே.

— இதோ திறந்தாச்சு. சார், கையைக் குடுங்க. படி கொஞ்சம் உயரமா நிக்குது. நிதானமா.

— விடுப்பா கையை. எங்க அவ? அதுக்குள்ள பையை மாட்டிட்டியா? நில்லும்மா. ஒரிஜினல் இல்லாம எந்தக் காலேஜும் உள்ள விடாது. பீரோவைத் திறக்கறேன், நில்லு.

— சார், பீரோ காலி.

— நீ என்னப்பா சொல்றே?

— நம்ம ஆபீஸ்ல கணக்கு எழுதிட்டிருந்த அக்காகிட்டயும் பீரோவுக்கு ஒரு சாவி இருந்துச்சுல்ல. அவங்க ரிட்டயர் ஆன அன்னிக்கு, ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு சர்டிஃபிகேட்டை அவங்கவங்க கையிலயே குடுத்துட்டுப் போயிட்டாங்க. என் டிப்ளமாவும் வந்துடுச்சு சார். வீட்டுல ஃபிரேம் போட்டாச்சு.

— அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு நேரம் என் உயிரை வாங்கினே?

— நாளைக்கு ஊருக்காகக் கேக்கப் போற வாய் சார் இது. முதல் தடவை உங்ககிட்டயே கேட்டுப் பாத்தேன். குரல் நடுங்கவே இல்லை. வரேன் சார்.