மாப்பிள்ளை எழுந்திருக்கறதுக்குள்ள

மூடாதம்மா, கடை ஷட்டர மூடாத! சாப்பாட்டு நேரம்தான், தெரியுது. ஆனா இங்க ஒருத்தனுக்கு உசுரு போகுதே! இந்தா, இத கொஞ்சம் பாரு. மெதுவா... மெதுவா! என்னோடதுன்னா தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவேன். இது மாப்பிள்ளையோட லேப்டாப்.

நீ பிரிச்சுக்கிட்டே கேளு. நேத்து சாப்பிடும்போது சொன்னார், "லேப்டாப்ல இடமே இல்ல மாமா, எதையாவது அழிச்சாத்தான் வேலையே ஓடுது"ன்னு. வீட்டு மாப்பிள்ளை வாய் தொறந்து ஒரு குறைய சொன்னா சும்மா விட முடியுமா? காலைல முதல் வேலையா போய் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். கடைக்காரன் கேக்கறான், வெளில மாட்டறதா, உள்ள மாட்டறதான்னு. வெளில வால் மாதிரி தொங்கினா நல்லாவா இருக்கும்? உள்ளயே குடுப்பான்னேன்.

முப்பது வருஷமா தண்ணி பம்ப்பு ரிப்பேரும்மா எனக்கு. எத்தனை மாடி ஏறி எத்தனை மோட்டாரப் பிரிச்ச கை! இது என்ன பிரமாதம்னு நெனச்சேன். மாப்பிள்ளை சீக்கிரமே சாப்ட்டுட்டுப் படுத்தார். நைஸா தூக்கிட்டு வந்து பின்னாடி ரூம்ல உக்காந்தேன். ஸ்க்ரூவாம்மா அது? எறும்பு முட்டை! ஒண்ணு கீழ விழுந்துச்சு. குனிஞ்சா கண்ணாடி விழுது. கண்ணாடியத் தேடினா ஸ்க்ரூவ மிதிக்கறேன். அந்த நேரம் பாத்து வீட்டுக்காரி வந்து நிக்கறா. "தரைல என்ன தடவறீங்க?" முட்டி பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லித் தொலைச்சேன். உடனே தைலத்தக் கொண்டாந்து சொட்டச் சொட்டத் தேச்சுட்டா! அதத் தொடச்ச கையோட ஸ்க்ரூவப் பிடிச்சா வழுக்கிக்கிட்டு ஓடுது... 

ஃபோன் வீடியோல ஒருத்தன் செஞ்சு காட்டறான். சிடி போடற பொட்டிய எடுக்கச் சொல்றான், தட்டுங்கறான், தள்ளுங்கறான்... அவன் கை போற வேகத்துக்கு என் கண்ணு போக வேணாமா? போடான்னு அணைச்சுட்டேன். நானே பாத்து, டிஸ்க்க அழகா உக்கார வெச்சு, மூடி, பட்டன அமுக்கினா... கறுப்பு. ஒரே கறுப்பு! மூலைல ஒரு சின்னக் கோடு மட்டும் சிமிட்டுது. என்னப் பாத்துக் கண்ணடிக்குதும்மா!

சாயங்காலம் அவரோட மேனேஜர் முன்னாடி எதையோ காட்டணுமாம். மாசக்கணக்கா செஞ்ச வேலையாம். வேற காப்பி கிடையாது, போனா போனதுதான்னு எம் பொண்ணு வேற சொல்லியிருக்கா. எல்லாம் அந்தக் கடைக்காரனாலதான். செத்த டிஸ்க்க என் தலைல கட்டிட்டான்!

என்னது, டிஸ்க் நல்லாத்தான் இருக்கா? காலியா இருக்கா? புதுசுன்னா காலியாத்தானம்மா இருக்கும்! ...பழசு எங்கயா? எந்தப் பழசு? ஓ... அதுவா. அதான் ரொம்பிடுச்சுன்னு அவரே சொன்னாரே. எடுத்துட்டு இத வெச்சேன். ரொம்பின குப்பைக்கூடைய எடுத்துட்டு காலிக்கூடைய வெக்கறதில்லையா? அந்த மாதிரி...

ஏம்மா சிரிக்கற?

எல்லா வேலையும் அதுக்குள்ளயா இருக்கு? ஐயையோ! எங்க வெச்சேன்... இரு... சட்டைல இல்ல... பேண்ட்லயும்... இந்தா, கர்சீப்ல சுத்தியிருக்கு! லேசா தைல வாசனை வரும், தொடச்சுக்கோ. அடிகிடி ஒண்ணும் படலயே? ஓடுதா? அப்பாடா... பழச அது இடத்துலயே போட்டு, புதுச சிடி இடத்துலயா? அதுக்குத் தகரத் தட்டு ஒண்ணு வந்திருக்குமா? வந்துச்சு. பார்சலுக்குப் போட்ட தகரம்னு குப்பைல போட்டுட்டேன். உன்கிட்ட வேற இருக்கா? மகராசியா இரு!

ஐயோ, ஃபோன். மாப்பிள்ளை! எழுந்துட்டார். மூச்சு விடாதம்மா.

"சொல்லுங்க மாப்பிள்ளை. லேப்டாப்பு வந்து... ஆங்? பாத்ரூம் குழாயா? சொட்டுச்சுன்னா சொட்டிட்டுப் போகுது, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமே... எனக்கு வேலை வெக்கக் கூடாதுன்னு நீங்களே ஸ்பேனர எடுத்தீங்களா? முறுக்கினீங்களா? குழாய் கையோட வந்துடுச்சா! தண்ணி ஹால் வரைக்குமா! சேச்சே, எதுக்குங்க மன்னிப்பெல்லாம்... அத்தை கத்தறாங்களா? கத்தட்டும், கத்தட்டும். சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளில ஒரு சிவப்பு வால்வு இருக்கும், அத மூடுங்க. மூடியாச்சா? வேற எதுலயும் கை வெக்காதீங்க. இதோ வந்துட்டேன்!"

கேட்டியாம்மா? குழாயப் பிடுங்கிட்டாராம்!

நீ போய் நிம்மதியா சாப்ட்டு வந்தே மாட்டு. சாயங்காலத்துக்குள்ள குடுத்தாப் போதும். இனிமே லேப்டாப் எங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு என்னக் கேப்பார்?