‘சந்தி’யை மூடிவிடலாமா?

இந்த அவையைப் பொறுமையோடு நடத்திச் செல்லும் தலைவர் ஆறுமுகநாதன் ஐயா அவர்களே, லக்கலவிலிருந்தும் கலேவெலவிலிருந்தும் பஸ் மாறி மாறி மாத்தளை நகருக்கு வந்திருக்கும் பெரியோர்களே, எல்கடுவத் தோட்டத்தில் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, என்னையும் கையிலிருக்கும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் இளையோரே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம், ஸலாம், ஆயுபோவன்.

என் பெயர் சிவதர்ஷினி. லக்கலப் பகுதியில் விவசாயப் போதனாசிரியையாகக் கடமை புரிகிறேன். பிறந்த மண் சாவகச்சேரி. சோறு போடும் மண் மாத்தளை.

இன்று இந்த மண்டபத்தின் முன்னே ஒரு பிரேரணை இருக்கிறது. நமது ‘சந்தி’யை மூடிவிட்டு, எல்லோரும் பழையபடி அந்தப் பெரிய சமூக வலைத்தளத்துக்கே திரும்பிவிடலாம் என்கிறது அது. ஏன் மூட வேண்டும்? பொறுப்பை ஏற்க ஆள் இல்லையாம். உண்மைதான், ஆள் இல்லை. ஆனால் கை தூக்குவதற்கு முன் நடந்ததைக் கேளுங்கள்.

‘சந்தி’ என்றால் என்ன என்று அந்த ஓரத்தில் ஓர் அம்மா பக்கத்திலிருப்பவரிடம் கேட்கிறார். கேளுங்கள் அம்மா, கேட்க வேண்டிய கேள்விதான். பெரிய தளத்துக்கு முதலாளி ஒருவர். எங்கோ இருக்கிறார். நம் ஊரும் தெரியாது, நம் மொழியும் தெரியாது. ஆற்றுப்பாலம் உடைந்தது என்று நாம் எழுதினால் அதை மறைப்பார். ஏன் என்று கேட்டால் இயந்திரம் பதில் சொல்லும். இது வேண்டாம் என்று நகரில் கணினி வகுப்பு நடத்தும் றிஸ்லாவும், அரச அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கும் நிருஜனும் சேர்ந்து நமக்கென்று ஒரு சேர்வரை, அதாவது நம் பதிவுகளைத் தாங்கும் நமது சொந்தக் கணினியை அமைத்தார்கள். அதன் பெயர் ‘சந்தி’. இதைப் போல லக்கல விவசாயிகளுக்குச் சிங்களத்தில் ஒன்று உண்டு. தம்புள்ளையில் ஒன்று, குருணாகலில் ஒன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிர்வாகம், தனித்தனி விதி. ஆனால் ஒன்றில் எழுதுவது மற்றதற்கும் போகும். மேலே முதலாளி என்று எவரும் இல்லை.

எவ்வளவு இனித்தது அந்த முதல் காலம்! பஸ் ஓடுகிறதா, சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை, யானை எந்தப் பக்கம் நிற்கிறது, எல்லாம் வந்தது. லக்கல விவசாயிகள் சிங்களத்தில் போடும் யானை அறிவித்தலைத் தமிழில் மாற்றித் தர எத்தனை பேர் இருந்தார்கள்! காலையில் நான் ஸ்கூட்டரை எடுக்குமுன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிறகு வந்தது அந்தப் படம்.

இதோ மேடைக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அம்ஹர் அவர்கள் கலேவெல மரக்கறி வியாபாரி. லக்கலச் சேனைப் பயிர்நிலங்களில் பூசணிக்காய் வாங்கி வந்தபோது மழையில் அவரது லொறி பழுதாகி நின்றுவிட்டது. அழுகிய காய்களை இறக்கிக் காட்டோரம் போட்டார்கள். சில நாள் கழித்து அந்தப் பக்கத்தில் வாய் சிதறிய ஒரு யானை இறந்து கிடந்தது. காய் இறக்கிய அன்று அவ்வழியே போன றம்ஸி என்ற லொறிச் சாரதி, அம்ஹர் காய் இறக்குவதை எடுத்து வைத்திருந்த படத்தைச் ‘சந்தி’யில் போட்டார். பூசணிக்காயில் வெடி வைத்து யானையைக் கொன்றவர் இவர்தான் என்று கீழே எழுதினார். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் எழுதவில்லை. அப்படித்தான் நம்பினார். நம்பிக்கையோடு எழுதியது தீயைப் போலப் பரவியது. சேர்வருக்குச் சேர்வர் தாவியது. சந்தையில் அம்ஹரின் காயைத் தொடுவாரில்லை. பள்ளிவாசல் வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பாடசாலைக்குப் போக மாட்டேன் என்றாள் மகள் அஸ்ரா.

றிஸ்லா பதிவை எடுக்க வேண்டும் என்றார். நிருஜன் மறுத்தார். “நாங்கள் அங்கயிருந்து வந்ததே, கேக்காமல் அழிக்கிறாங்கள் எண்டுதானே. இப்ப நாங்களும் அழிச்சால் அவங்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டார். சபையோரே, அது சாதாரணக் கேள்வியா? இன்றைக்கும் எனக்கு முழுப் பதில் தெரியாது. றிஸ்லா சொன்னார்: “நிருஜன், அந்தப் பதிவுக்குள்ள ஒரு மனுஷன் இருக்காரு. நாம யோசிச்சு முடிக்கிற வரைக்கும் அவரு கடைய மூடிட்டு இருக்காரு.”

யோசித்தார்கள், விவாதித்தார்கள், வாக்கெடுப்பு வைக்கலாமா என்று பேசினார்கள். இப்படிப்பட்ட பதிவுக்கு நம்மிடம் விதி எழுதப்படவில்லை, ஆகவே வழி தெரியவில்லை. இதற்கிடையே அயலில் உள்ள சேர்வர்கள் எச்சரித்தன. அவதூறை அகற்றாத இடத்தோடு தங்களுக்கு உறவு வேண்டாம் என்றன. பதில் தாமதிக்கவே, லக்கல சேர்வர் முதலில் இணைப்பைத் துண்டித்தது. தம்புள்ளையும் குருணாகலும் தொடர்ந்தன. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? தங்கள் வீட்டைத் தாங்கள் பாதுகாத்தார்கள்.

அது எனக்குத் தெரியாது. வழக்கம் போலப் போனைப் பார்த்தேன். யானை அறிவித்தல் எதுவும் இல்லை. நிம்மதியாகப் புறப்பட்டேன். குளக்கட்டுக்கு அருகே வளைவு திரும்பியபோது பாதையின் நடுவே யானை நின்றது. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். கால்வாயில் விழுந்தேன், மணிக்கட்டு முறிந்தது. யானை ஸ்கூட்டரை மிதித்துவிட்டு, நான் கிடந்த இடத்தருகே வந்து நின்று மூச்சு விட்டது. அந்த மூச்சின் சூட்டை என் முதுகு உணர்ந்தது. பட்டாசு கொளுத்தி விரட்டி என்னைத் தூக்கியவர்கள் சேனை காக்கும் ஒரு சிங்களக் குடும்பத்தார். கைக்குத் துணி கட்டிக்கொண்டே அந்தத் தாய் சிங்களத்தில் கேட்டார்: மிஸ், நாங்கள் காலையிலேயே போட்டோமே, நீங்கள் பார்க்கவில்லையா?

அவர் எழுதியிருந்தார். அவர் எழுத்துக்கும் என் கண்ணுக்கும் நடுவே இருந்த பாதையைத்தான் காணோம்.

செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த நிருஜன் கட்டில் அருகே அமர்ந்திருந்தார். அன்றே பதிவு நீக்கப்பட்டது. ஆனால் முடிந்ததா? முடியவில்லை! நம் இடத்தில் அழித்தால் நம் இடத்தில் மட்டுமே அழியும். மற்ற சேர்வர்களுக்குப் போன பிரதிகள் அங்கங்கே இருந்தன. றிஸ்லா ஒவ்வொரு நிர்வாகிக்கும் தனித்தனியாக எழுதினார். சிலர் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை. யானையின் காயம் அம்ஹரின் லொறி அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே ஏற்பட்டது என்று வனசீவராசிகள் உத்தியோகத்தர்கள் சொன்னார்கள். ஆனால் உண்மையைப் பகிர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

கையில் கட்டோடு நானும் றிஸ்லாவும் கலேவெலவுக்குப் போனோம். அம்ஹர் தேநீர் தந்தார். மன்னிப்புக் கேட்டோம். நட்டத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டோம். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“அழிச்சிட்டீங்க, சரி. போடுறப்ப என்னையக் கேக்கல்ல. வெச்சிருக்கிறதா எடுக்கிறதான்னு நீங்க பேசினப்பவும் என்னையக் கேக்கல்ல. இனி அந்த மாதிரி ஒரு மனுஷனப் பத்திப் பேசுற இடத்துல நானும் இருக்கணும், மிஸ்.”

ஆத்திரத்தில் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். ஆனாலும் சம்மதித்தோம். நிருஜன் அமர்ந்து விதிகளை எழுதினார். குற்றம் சாட்டப்பட்டவரிடம் முதலில் கேட்க வேண்டும், எடுத்தால் ஏன் எடுத்தோம் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதினார். றிஸ்லா, நிருஜன், அம்ஹர் என்று மூவர் பொறுப்பேற்றார்கள்.

முதலில் வந்த முறைப்பாடு யாரைப் பற்றியது தெரியுமா? றம்ஸியைப் பற்றியது. அவரது லொறியில் களவு மரம் போகிறது என்று எவரோ எழுதியிருந்தார். அம்ஹர் என்ன செய்வார்? இந்த விஷயத்தில் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று றிஸ்லா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அம்ஹரோ எங்கள் முன்னாலேயே போனை எடுத்து றம்ஸியை அழைத்தார்.

“றம்ஸி, நான் கலேவெல அம்ஹர் பேசுறேன். ஒங்கட லொறியப் பத்தி ஒரு கதை போட்டிருக்காங்க. அது உண்மையான்னு ஒங்ககிட்ட கேக்கத்தான் எடுத்தேன்.”

றம்ஸி தன்னிடம் மரம் ஏற்ற அனுமதிப்பத்திரம் இருப்பதாகச் சொன்னார். அன்றே கொண்டுவந்தும் காட்டினார். பதிவு பொய் என்று தெரிந்தது. எடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னவர் அம்ஹர்.

கை தட்டுகிறீர்கள். நன்றி, ஆனால் கதை இன்னும் முடியவில்லை. அடுத்த வாரம் றம்ஸி தன் பெயரிலேயே, தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். பூசணிக்காய்ப் படத்துக்குத் தான் எழுதியது தவறு என்றார்; விசாரிக்காமல் எழுதினேன் என்றார். இணைப்பு அறுந்திருந்ததால் றிஸ்லா அதை நிர்வாகிகளுக்கு அனுப்ப, நாம் அழித்தும் அழியாத இடங்களுக்கெல்லாம் அந்த வார்த்தை போய்ச் சேர்ந்தது. பிரதியை எடுக்க மறுத்தவர்கள் தாமாகவே எடுத்தார்கள். லக்கல சேர்வர் இணைப்பைத் திறந்தது. மற்றவர்களும் திறந்தார்கள். மூடிய கடையும் திறந்தது.

இப்போது சொல்லுங்கள்! எந்தப் பெரிய தளத்தில் இது நடந்திருக்கும்? எந்த முதலாளி கலேவெலவுக்கு வந்து தேநீர் குடித்திருப்பார்? எந்த இயந்திரம் றம்ஸியிடம், இது உண்மையா என்று கேட்டிருக்கும்? இடறினோம், இணைப்பை இழந்தோம், ஒரு குடும்பத்தை அழவைத்தோம். அந்த வலி இனி வராது என்று நான் வாக்குத் தர மாட்டேன். வரும். வரும்போது போய்க் கதவைத் தட்டுவதற்கு நமக்கு ஒரு கதவு இருக்கிறது. அதை நாமே மூடுவதா?

ஆனால் றிஸ்லா களைத்துவிட்டார். வகுப்பு முடிந்து வந்து, ஊராரின் வசவுகளையெல்லாம் வாசித்து வாசித்து, இனி முடியாது என்கிறார். அவரை வற்புறுத்தும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. மூன்று நாற்காலிகளில் ஒன்று காலியாகிறது. ஆள் இல்லை என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது.

தலைவர் அவர்களே, பிரேரணையை வாக்கெடுப்புக்கு விடுமுன் ஒரு திருத்தம். ‘ஆள் இல்லை’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த நாற்காலிக்கு என் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். ஓராண்டு முடிந்ததும் உங்களில் ஒருவர் வந்து என்னை எழுப்பிவிட்டு அதில் அமர வேண்டும்.

செவிகொடுத்த சபைக்கும், களைப்பிலும் இங்கு வந்திருக்கும் றிஸ்லாவுக்கும், என் நன்றியும் வணக்கமும். இனி உங்கள் கைகள் பேசட்டும்.