அபராதம் கட்டிய இல்லம்

— இருங்கக்கா, வீல்சேரை உள்ள தள்ளாதீங்க. நீங்களும் ஐயாவும் முதல்ல இந்த நோட்டீஸைக் கேட்டுட்டு அப்புறம் வாங்க.

— நோட்டீஸெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சிஸ்டர். எனக்கு இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. எங்கப்பாவுக்குக் கட்டில் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க.

— கட்டில் இருக்குங்க. ஆனா இதைப் படிச்சுக் காட்டாம நான் யாரையும் வாசலைத் தாண்ட விடறதில்ல. ஒட்டணும்ங்கிறது சட்டம். படிச்சுக் காட்டறது என் பழக்கம்.

— படிக்கட்டும் பாப்பா. என் கண்ணாடி வேற கார்லயே கெடக்கு. நீ படிம்மா, நான் கேக்கறேன்.

— உள்ளதைச் சொல்றேங்கய்யா. "பொதுமக்கள் கவனத்திற்கு. இந்த முதியோர் இல்லம், தானாகப் புரண்டு படுக்க இயலாத முதியவர் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கத் தவறியது. அதனால் அவருக்கு ஆழமான படுக்கைப் புண் ஏற்பட்டது. பக்கம் மாற்றியதாகப் பொய் சொன்னதும் விசாரணையில் உறுதியானது. இதற்காக அபராதம் விதிக்கப்பட்டு, மூன்று மாதங்களுக்குப் புதியவர்களைச் சேர்க்கத் தடையும் விதிக்கப்பட்டது. இந்த அறிவிப்பை ஓராண்டு காலம் வாசலில் கண்மட்டத்தில் வைத்திருக்க வேண்டும்." அவ்வளவுதாங்க. இதே சங்கதி துறையோட வலைத்தளத்துலயும் இருக்கு. யார் வேணா பார்க்கலாம்.

— போதும். அப்பா, வாங்க போலாம்.

— பாப்பா.

— பாப்பா கீப்பால்லாம் வேண்டாம். உங்களுக்குப் பக்கவாதம் வந்த இந்த எட்டு மாசமா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அலாரம் வெச்சு எந்திரிச்சு உங்களைப் புரட்டிப் போட்டிருக்கேன். முதுகுல ஒரு சிவப்பு வரவிடலை. அந்த ஒரு வேலையைச் செய்யாம அபராதம் கட்டின இடத்துல கொண்டுவந்து உங்களை விடுவேனா?

— விடாம? அடுத்த வாரம் உனக்கு முதுகுல கத்தி வைக்கப் போறாங்க. அப்புறம் மூணு மாசம் குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. என்னை யாரு புரட்டுவா, பக்கத்து வீட்டுப் பூனையா?

— வேற இடம் பார்க்கலாம்.

— நாலு இடம் பார்த்தாச்சு. எல்லா இடத்துலயும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன், ஞாபகம் இருக்கா? உங்க மேல எப்பவாவது புகார் வந்திருக்கான்னு.

— எங்கயும் வந்ததில்லைன்னாங்க.

— முதல் இடத்துல அந்த டை கட்டின தம்பி ஃபேனைப் பார்த்துக்கிட்டே சொன்னான். அடுத்த இடத்துல அந்தம்மா பதில் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஜூஸ் கொண்டுவரச் சொன்னா. ரயில்ல டிக்கெட் பரிசோதகரா தேய்ஞ்சவன் நான். டிக்கெட் இல்லாதவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லித் தரணுமா?

— ஆரம்பிச்சுட்டீங்களா?

— கேளும்மா சிஸ்டர், உனக்கும் தெரியட்டும். டிக்கெட் எடுக்காதவன் ஒருத்தன் சன்னல் வழியா வெளிய எதையோ உத்து உத்துப் பார்ப்பான். ஒருத்தன் குறட்டை விடுவான். ஒருத்தன் எனக்கே டீ வாங்கித் தரேன்பான். நீ ஒருத்திதான் நான் பெட்டியில ஏறின உடனே எதிர்ல வந்து நின்னு, சார் நாங்க டிக்கெட் எடுக்கலை, அபராதம் கட்டினோம்ங்கிறே.

— அதுக்காக? மாட்டினவங்கதான் யோக்கியம்னா, திருடனையெல்லாம் கூப்பிட்டு வீட்டுக்குக் காவல் வெச்சுக்கலாமே அப்பா.

— அக்கா கேக்கறது நியாயம்ங்கய்யா. அபராதம் கட்டிட்டா மட்டும் யாரும் நல்லவங்களாயிட மாட்டாங்க. கேக்க வேண்டியதையெல்லாம் கேளுங்கக்கா. நான் நிக்கறேன்.

— ராத்திரி எத்தனை பேர் இருப்பீங்க?

— முன்னாடி மாடிக்கும் கீழுக்கும் சேர்த்து ஒரே ஆள். இப்போ ஒரு கூடத்துக்கு ரெண்டு பேர், அதுக்கு மேல ஒரு நர்ஸ்.

— நான் எப்போ வந்து பார்க்கலாம்?

— எப்போ வேணா. பார்வையாளர் நேரம்னு ஒரு போர்டு தொங்கிக்கிட்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே அதைக் கழட்டிட்டேன். போன வாரம் ஒருத்தர் ரெண்டாவது ஆட்டம் சினிமா முடிச்சுட்டு நேரா வந்து அவங்கம்மா தூங்கறதைப் பார்த்துட்டுப் போனாரு.

— படம் நல்லா இல்ல போலிருக்கு.

— அப்பா, சும்மா இருங்க. சரி சிஸ்டர், அப்போ தப்பு பண்ணினவங்க எங்க?

— மேலாளர் போயிட்டாரு. அந்த ராத்திரி ட்யூட்டி பார்த்த அம்மா மட்டும் இன்னும் இங்கதான் இருக்காங்க. அத்தனை பேரையும் ஒண்டியா பார்த்தவங்க. முடியலைன்னு சொல்ல பயந்துக்கிட்டு முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க. அவங்களை மட்டும் வெளிய அனுப்ப எனக்கு மனசு வரலை. ஆனா ராத்திரி ட்யூட்டி இப்போ குடுக்கறதில்ல.

— அவங்க சொன்னது பொய்னு எப்படித் தெரிஞ்சுது?

— அந்தப் பெரியவருக்கு ஒரு மக. அவ சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, அவரு முதுகுக்கு அண்டை குடுத்திருந்த தலகாணிக்கும் மெத்தைக்கும் நடுவுல தன்னோட பஸ் டிக்கெட்டைச் சொருகி வெச்சுட்டுப் போனா. பக்கம் மாத்தணும்னா தலகாணியை எடுத்துத்தானே ஆகணும்? டிக்கெட் எங்கயாவது விழுந்திருக்கணும். காலையில வந்து பார்த்தா வெச்சது வெச்ச மாதிரி இருக்கு. கேட்டா, ராத்திரி பூரா மாத்தினோமேன்னாங்க. மறுநாளும் வெச்சுப் பார்த்தா. அதுக்கு மறுநாளும். மூணாம் நாள் காலையில டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா.

— பார்றா. பஸ் டிக்கெட்டை வெச்சுப் பிடிச்சிருக்கா. எங்க டிபார்ட்மென்ட்ல இருந்திருக்க வேண்டியவ.

— ஐயா, வாசல்லயே நின்னுட்டோம். உள்ள வாங்க, கூடத்தைப் பாருங்க. பிடிக்கலைன்னா அக்கா உங்களை அழைச்சுட்டுப் போகட்டும்.

— உள்ள வர்றேன். ஆனா சும்மா பார்க்க வரலை. ஏதாவது ஒரு காலிக் கட்டில்ல என்னைப் படுக்கவெச்சு ஒரு தரம் புரட்டிக் காட்டு.

— அப்பா, இது என்ன துணிக்கடையா? பிரிச்சுக் காட்டு, மடிச்சுக் காட்டுன்னு.

— பரவாயில்லக்கா. இந்தக் கட்டில் காலிதான். நீங்க தூக்காதீங்க, தள்ளி நில்லுங்க. ஐயா, உங்களுக்கு வராத பக்கம் இடதுதானே? இடது கையை நான் மார்மேல வெச்சுக்கறேன். இடது முட்டியை மடக்கறேன். இப்போ உங்களை வலது பக்கமாத் திருப்பப் போறேன், நீங்களும் அந்தப் பக்கம் பாருங்க. ம், அவ்வளவுதான். இது முதுகுக்குத் தலகாணி. இது முட்டிக்கு நடுவுல. குதிகால் மெத்தையில படுதான்னு ஒரு பார்வை. காது மடங்கியிருக்கா? இல்ல. சௌகரியமா இருக்கா ஐயா?

— பாப்பா, இவ இழுக்கவே இல்ல.

— பார்த்தேன்ப்பா.

— நீ இழுப்பே. மூட்டையை இழுக்கற மாதிரி.

— எனக்கு யார் சொல்லிக் குடுத்தா? தெரிஞ்ச மாதிரி செஞ்சேன்.

— அக்கா, இது தெரியாமத்தான் உங்க இடுப்பு போயிருக்கு. முட்டியை மடக்கிட்டா பாதி பாரம் தன்னால திரும்பிடும். ஆனா ஒண்ணு சொல்றேன். எட்டு மாசம் படுத்திருந்த உடம்பு இது, முதுகுத் தோல் குழந்தைத் தோல் மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரி வார்டுல வேலை பார்த்திருக்கேன். இப்படி ஒரு முதுகை நான் பார்த்ததில்ல. கையெடுத்துக் கும்பிடணும் உங்களை.

— சிஸ்டர், நீங்க என்னை அழ வைக்காதீங்க.

— அழட்டும்மா. நானும் அவகிட்ட ஒண்ணு சொல்லணும். மூஞ்சி இந்தப் பக்கம் திரும்பியிருக்கறப்பவே சொல்லிடறேன். பாப்பா, எட்டு மாசத்துல உனக்கு ஒரு நாளாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கேனா?

— எதுக்குப்பா இப்போ அது?

— ராத்திரி நீ வந்து புரட்டறப்பல்லாம் நான் முழிச்சுட்டுதான் இருப்பேன். குறட்டை விட்டது சும்மா. டிக்கெட் எடுக்காதவன் மாதிரி.

— ஏன்ப்பா?

— புரட்டி முடிச்சுட்டு நீ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு சுவத்துல சாஞ்சு நிப்பே. கண்ணைத் திறந்தா அதைப் பார்க்கணும். உன்கிட்ட எதாவது சொல்லணும். சொன்னா நீ அழுவே, நானும் அழுவேன். அதுக்குக் குறட்டையே தேவலாம்னு விட்டுட்டேன். நல்லா பார்த்துக்கிட்டே கண்ணு என்னை. உங்கம்மா இருந்திருந்தாக்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டா, ரெண்டாம் நாளே தலகாணியால அடிச்சிருப்பா.

— அம்மாவை இழுக்காதீங்க. போதும்ப்பா. எனக்கு இது போதும்.

— போதாது. இன்னும் பாக்கி இருக்கு. நீ ஆபரேஷன் முடிச்சு எந்திரிச்சு வா, மிச்சத்தைச் சொல்றேன். ஏம்மா சிஸ்டர், அந்த நோட்டீஸ்ல இருக்கற மனுஷன் என்ன ஆனான்?

— நல்லா இருக்காருங்கய்யா. புண் ஆறிடுச்சு. அதோ, சன்னலோரக் கட்டில்ல இருக்காரே, அவருதான். பேர் சொல்லக் கூடாது, ஆனா யாராவது கேட்டா சொல்லுன்னு அவரே சொல்லியிருக்காரு. வயசான காலத்துல ஊர் பூரா பேர் வாங்கிட்டேன்னு பெருமை வேற.

— இங்கயேவா இருக்காரு? அவ்வளவு கண்டுபிடிச்சாளே அந்த மக, கூட்டிட்டுப் போகலையா?

— இல்லங்கக்கா.

— என்ன மகளோ. எனக்கா இருந்தா அன்னிக்கே தூக்கிட்டு ஓடியிருப்பேன்.

— ம். நிறைய பேர் அப்படித்தான் கேட்டாங்க.

— உங்களுக்கு அவங்க மேல கோவம் இல்லையா சிஸ்டர்? அவங்க புகார் குடுத்ததாலதானே வர்றவங்க முன்னாடியெல்லாம் நீங்க நின்னு இதைப் படிக்க வேண்டியிருக்கு?

— கோவமா? அந்தப் புகார் இல்லைன்னா இந்தக் கூடத்துல இன்னும் ஒரே ஆள்தான் ராத்திரி இருப்பாங்க. அந்தச் சன்னலோரக் கட்டில் எப்பவோ காலியாகியிருக்கும். அபராதம் போட்ட ஆபீசரைப் பார்த்தப்போ நான் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டேன், அவரு பயந்தே போயிட்டாரு. அபராதம் வாங்கி நன்றி சொல்ற ஆளை இப்பதான் பார்க்கறேன்னாரு. நோட்டீஸ் ஒட்டின இடத்துக்குப் பொறுப்பாளரா வர ஒரு நர்ஸும் சம்மதிக்கலை. நானாத்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன்.

— அடுத்த மாசம் ஒரு வருஷம் முடியுதுன்னு தேதி போட்டிருந்ததே. கழட்டிடுவீங்கல்ல?

— சட்டப்படி கழட்டலாம். கழட்டற எண்ணம் இல்லங்க. அது அங்க இருந்தாத்தான் ராத்திரி எங்க ஆளுங்களுக்குக் கண் சொக்காது.

— பாப்பா, என்ன யோசிக்கறே? வாய்விட்டுச் சொல்லு.

— சொல்ல என்ன இருக்கு. சிஸ்டர், எங்கப்பா மாத்திரையை முழுங்கின மாதிரி காட்டிக் கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்குவாரு, தண்ணி குடிச்சப்புறம் வாயைத் திறக்கச் சொல்லுங்க. ராத்திரி குறட்டை விட்டா நம்பாதீங்க, முழிச்சிருப்பாரு. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க.

— பேசறேங்கக்கா. உங்களுக்கும் ராத்திரி ஆஸ்பத்திரியில தூக்கம் வரலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க. ஐயா எந்தப் பக்கம் படுத்திருக்காருன்னு சொல்றேன்.

— ரொம்ப நன்றி சிஸ்டர். வாசல்ல உங்களை வெடுக்குன்னு பேசிட்டேன்.

— மகளா இருக்கறவங்க அப்படித்தான் பேசணும்.

— இரு இரு. சிஸ்டர், ஒரு சோதனை பாக்கி இருக்கு. நீ படிச்ச நோட்டீஸை ஒரு எழுத்து விடாம கேட்டேன். அதுல பஸ் டிக்கெட் இல்ல. அவ தரையில உக்காந்ததும் இல்ல. அப்போ நீ இங்க வேலையிலயும் இல்ல. உனக்கு இதெல்லாம் யார் சொன்னா?

— யாரும் சொல்லலைங்கய்யா. சன்னலோரக் கட்டிலுக்குப் பக்கம் மாத்தற நேரமாச்சு, வாங்க, எங்கப்பாவுக்கு உங்களை அறிமுகம் பண்ணி வைக்கறேன்.