பாடு பிரிக்கும் புரோகிராம்

எங்கள் வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதில்லை சார். ஆனாலும் நாற்பது பேரும் வந்துவிடுவார்கள். கல்லூரியில் ஏசி ஓடும் அறை அது ஒன்றுதான்.

பாடத்தின் பெயர் நிரல்மொழிகளும் சிக்கல் தீர்த்தலும். மாணவர்களுக்கு மாணவர்களே நடத்துவது. மூன்றாம் ஆண்டு என்பதால் நடத்துகிறவன் நான். அவரவர் ஊர்ச் சிக்கல் ஒன்றைத் தீர்ப்பதுதான் பயிற்சி. தோணிரேவுப் பக்கம் எங்கள் குப்பத்தில் தீராத சிக்கல், பாடு. ஏரியில் எந்த வாரம் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்குவார்கள். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் விழுந்தால் இறால், மேற்கு மூலை விழுந்தால் சேறு. முடிந்ததும் அடிதடி. அதற்கொரு புரோகிராம் எழுதினேன்.

வகுப்பில் ஓட்டிக் காட்டியபோது எங்கள் குப்பத்து மோகன்குமார் எழுந்தான். இரண்டாம் ஆண்டு.

"இன்னாண்ணா, கடைசிப் பேர முழுங்கிடுதே? பூஜ்யத்துலேர்ந்து எண்ணத் தெரியாமயே வாத்தியாராயிட்டியா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். நல்ல கேள்விதான். நன்றி சொல்லித் திருத்தினேன். கையோடு இன்னொரு வரியும் சேர்த்தேன்: அவன் அப்பா துளசிங்கத்துக்கு மேற்கு மூலை தவிர வேறெது விழுந்தாலும் மறுபடி குலுக்கு.

ஊரில் சீட்டுக்குப் பதில் இதை ஓட்ட ஆரம்பித்ததும் ஊர்த்தலைவர் தேசப்பனுக்கு ஏகத் திருப்தி. "மிஷினுக்கு மச்சானும் கெடயாது, பங்காளியும் கெடயாதுபா" என்றார்.

பத்தாவது வாரம் மோகன்குமார் வந்தான். "அண்ணா, நைனாவுக்கு சேறு தவிர ஒண்ணும் வர்ல. புரோகிராம ஒரு தபா காட்டேன்."

"குலுக்கல்டா. அதுக்குக் கண்ணா இருக்குது?" என்றேன்.

அந்த வரியை எடுத்திருக்கலாம்தான். ஆனால் திடீரென்று அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தால் சந்தேகம் வரும். என் நிலைமையையும் பாருங்கள் சார்.

அடுத்தவர் இடத்தில் வலை போட்டால் ஊர்விலக்கு. துளசிங்கத்துக்கு ஏரியில் வேறு இடம் இல்லை. பதினோராம் வாரம், காற்று பலமாயிருந்த மத்தியானத்தில், ஏரிப் படகை முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கே விட்டார். மூன்றாம் நாள் காட்டுப்பள்ளிப் பக்கம் பிணமாகக் கரை ஒதுங்கினார்.

ஆமாம் சார், அந்த வரி என்னுடையதுதான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும். கருமாதி முடிந்ததும் தேசப்பன் வீடு தேடி வந்தார். "சிவசங்கரு, இந்த வாரம் முகத்துவாரத்த அந்தப் புள்ளைக்கே குடுத்துடுபா, பாவம்" என்றார்.

மறுத்துவிட்டேன். ஒரு வீட்டுக்காகப் புரோகிராமில் கை வைப்பது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா.